அடியிலிருந்து வந்த தளிர்

ஓப்ஹூஸ்டன்,
24 நவம்பர் 1975

அன்புள்ள அலைடா,

நாங்கள் இருவரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்ற நினைப்பில் எழுதுகிறோம். வழக்கம்போல உன் அண்ணன் சொல்கிறார், நான் எழுதுகிறேன். அவர் ஆப்பிள் தோலை அறுந்துவிடாமல் சீவிக்கொண்டே சொல்கிறார்.

உன் தெருவுக்கான வயல் மேப்பிள் மரங்கள் நாளை நம் பண்ணையில் லாரி ஏறுகின்றன. நாற்பதும் ‘எல்ஸ்ரைக்’ இரகம். ஒரே மரத்தின் மொட்டுகளை எடுத்து விதை நாற்றுகளின் அடியில் ஒட்டியவை. அதனால் வடிவமும் இலை விடும் நாளும் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல இருக்கும். வேர் உருண்டையைச் சுற்றிய சாக்கைக் கிழிக்க வேண்டாம், மண்ணிலேயே மட்கிவிடும். இங்கே நின்ற ஆழத்துக்கு மேல் ஒரு விரல்கூடப் புதைக்கக் கூடாது. “உங்க ஊர் ஆளுங்க மரம் நடறதும் விளக்குக் கம்பம் நடறதும் ஒண்ணுன்னு நெனச்சு ஆழமா எறக்கிருவானுங்க, எழுது” என்கிறார். எழுதிவிட்டேன். “அப்படியேவா எழுதச் சொன்னேன்?” என்கிறார் இப்போது.

இனி என் வரிகள். ஒரு மரத்தின் தண்டில் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருக்கிறேன். அது என்னுடையது. நல்ல இடமாகப் பார்த்து வை. இலை விட்ட பிறகு ஒருநாள் ரயிலேறி வந்து பார்ப்பேன்.

கடவுள் உன்னைக் கைவிடாதிருக்கட்டும்.

எவர்ட், யன்னெக்கே


நோர்டர்சைல்,
3 டிசம்பர் 1975

அன்புள்ள அண்ணா, அண்ணி,

சளி. மற்றபடி நலம். உங்கள் இருவரின் நலமும் கடிதத்தில் தெரிந்தது.

மரங்கள் நின்றுவிட்டன. எல்ம் மரங்கள் நோயில் செத்து, வெட்டி எடுத்த பிறகு, கால்வாய்த் தெரு இரண்டு வருடம் மொட்டையாகக் கிடந்தது. இப்போது அங்கே ஒரு கோடு இருக்கிறது. நகராட்சித் தோட்டப் பிரிவில் சேர்ந்த பின் வரைபடத்தில் நான் போட்ட முதல் கோடு. எங்கள் பிரிவுத் தலைவர் வெனேமா தெருமுனையில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “நேராத்தான் நிக்குது. அண்ணன்கிட்ட வாங்கிட்டாளேன்னு நாளைக்கு ஒருத்தன் வாயத் தொறக்காத மாதிரி வளரணும், அவ்வளவுதான்” என்றார்.

குழி தோண்டிய ஹார்மிடம் அண்ணா சொன்னதை அப்படியே படித்துக் காட்டினேன். “உங்கண்ணன் என்னப் பாத்ததே இல்லையே, எப்படித் தெரியும்?” என்றான்.

நூல் கட்டிய மரம் என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே. காலையில் திரையை விலக்கினால் முதலில் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறாயா என்று நீங்கள் கேட்பதில்லை. அதற்கு நன்றி.

அன்புடன்,
அலைடா


ஓப்ஹூஸ்டன்,
11 மார்ச் 1976

அன்புள்ள அலைடா,

இருவரும் நலம். உன் நலத்தையும் கேட்கிறோம்.

நேற்று விதைப்புக்கு முந்தைய வேண்டுதல் நாள். யாரும் வயலில் இறங்கவில்லை. தேவாலயத்தில் பிரசங்கத்தின் பாதியிலேயே, சப்புவதற்கு எடுத்துப்போன என் மிட்டாய்கள் தீர்ந்துவிட்டன. உன் அண்ணன் தன்னுடையதில் ஒன்றைத் தந்தார். அவர் அப்படித் தருகிறவரே அல்ல.

உன் கடிதத்தைச் சாப்பாடு முடிந்து வேதம் வாசித்த பிறகு மேசையில் உரக்கப் படித்தேன். இந்த வீட்டில் எந்தக் கடிதமும் அப்படித்தான், விதைக்கடைக்காரன் அனுப்புவதுகூட. ஹார்ம் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்.

கவாத்து வேலை நடக்கிறது. தண்டின் கீழ்ப்பக்கக் கிளைகளை ஒரே வருடத்தில் எடுத்துவிடாதே, வருடத்துக்குக் கொஞ்சம் என்கிறார்.

நூல் கட்டியது எப்படி இருக்கிறது? மொட்டு தெரிகிறதா?

இந்தக் குளிர் போவதாக இல்லை. காலையில் எதற்கு எழுவது என்று இருக்கிறது. அவர் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கை ஓய்ந்துவிட்டது. மீதி அடுத்த முறை.

யன்னெக்கே


நோர்டர்சைல்,
17 மே 1976

அன்புள்ள அண்ணா, அண்ணி,

நான் நலம். ஏப்ரலில் உங்களிடமிருந்து எதுவும் வரவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வரிசை முழுவதும் ஒரே வாரத்தில் பச்சையானது. ஒரே நாளில் பெயின்ட் அடித்ததுபோல. ஒன்றைத் தவிர.

அண்ணா, இது தொழில் சம்பந்தமான கேள்வி. அண்ணியின் மரம் மற்றவை இலை விட்டு வெகு நாள் கழித்துத்தான் இலை விட்டது. இலை பெரியது, பிளவுகள் வேறு. சின்னக் கிளைகளில் தக்கை வரிவரியாக ஏறியிருக்கிறது. மற்ற மரங்கள் மேல்நோக்கிக் கூம்பாகப் போகின்றன. இது கைகளைப் பக்கத்தில் விரிக்கப் பார்க்கிறது. ஒட்டிய மொட்டு செத்து, அடிச்செடியிலிருந்து வந்த தளிரே மரமாகியிருக்குமோ? அப்படியென்றால் இது எல்ஸ்ரைக் அல்ல, விதையிலிருந்து முளைத்த ஏதோ ஒரு வயல் மேப்பிள். உங்கள் பண்ணையில் அப்படி ஒன்று தப்பி வந்தது என்றால் நம்பவே முடியவில்லை.

தெரியவேண்டும் என்றுதான் கேட்கிறேன். கோபம் இல்லை.

அண்ணி எப்போது வருகிறீர்கள்?

அலைடா


ஓப்ஹூஸ்டன்,
22 ஜூலை 1976

தங்கை,

இது என் கையெழுத்து. பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை வாய்க்கால் பாலத்திலேயே தபால்காரர் என்னிடம் கொடுத்துவிட்டார். மேசைக்கு வரவில்லை, என்னிடம் இருக்கிறது.

மழை இல்லை. மண் வெடித்துக் கிடக்கிறது. பம்பு பகலும் இரவும் ஓடுகிறது, ஞாயிறு தவிர. அண்டை வீட்டுக்காரன் ஞாயிறும் ஓட்டுகிறான். அவன் செடிகள் பச்சையாக இருக்கின்றன.

மொட்டு ஒட்டும் வேலை தொடங்கிவிட்டது. இந்த வருடம் நானே மொட்டு வைத்து நானே நார் கட்டுகிறேன். ஒருவர் வைத்துக்கொண்டே போக இன்னொருவர் பின்னால் கட்டிக்கொண்டு வர வேண்டிய வேலை. மெதுவாகத்தான் போகிறது.

உன் அண்ணி ஓய்வெடுக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எவர்ட்


நோர்டர்சைல்,
2 ஆகஸ்ட் 1976

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நலம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அண்ணிக்கு என்ன?

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. இப்போது மரமே சொல்லிவிட்டது. இந்த வறட்சியில் அதன் மேல் சாம்பல் நோய் வந்திருக்கிறது. எல்லா இலையும் வெள்ளை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும் மரங்களில் ஒரு புள்ளிகூட இல்லை. எல்ஸ்ரைக்கை அந்த நோய் எளிதில் தொடாது என்று சொல்லித்தான் நான் அதை வாங்க வைத்தேன்.

இன்று வெனேமா எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். “அலைடா, உங்கண்ணன் மரத்தோட மாவு மில்லும் வச்சிருக்காரா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இலையுதிர்காலத்தில் அதை எடுத்து மர அரவைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். பண்ணைக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். இரகம் தவறியது, மாற்று மரம் அனுப்பவும் என்று. எனக்கு வேறு வழி இல்லை.

ஜன்னல் திரையை இப்போது விலக்குவதில்லை.

அலைடா


ஓப்ஹூஸ்டன்,
16 ஆகஸ்ட் 1976

தங்கை,

அந்த அலுவலகக் கடிதம் இங்கே வர வேண்டாம். எப்படியாவது நிறுத்து.

எனக்கு எழுத வராது. ஆனாலும் எழுதுகிறேன். நீ ஊகித்தது சரி. அது எல்ஸ்ரைக் அல்ல.

நீ பள்ளியில் இருந்தபோது உன் அண்ணி ஏழு மாதம் வீட்டில் இல்லை. நெஞ்சு நோய் என்று உன்னிடம் சொன்னோம். நெஞ்சு நோய் அல்ல. பைன் காட்டுக்குள் இருக்கிறதே, மனம் சரியில்லாதவர்களுக்கான இல்லம், அங்கே இருந்தாள். திரும்பி வந்த பிறகும் பேசவில்லை. காலையில் எழ மாட்டாள். நான் தட்டில் வைத்துவிட்டுப் போன ரொட்டி மாலையில் அப்படியே இருக்கும்.

அந்த ஆகஸ்டில் கட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. நான் குனிந்து மொட்டு வைத்துக்கொண்டே போனேன். வரிசை முடிவில் திரும்பிப் பார்த்தால் அவள் பின்னால் மண்டியிட்டு நார் கட்டிக்கொண்டு வருகிறாள். இரவு உடை, அதன் மேல் என் கோட்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து போய்விடுவாளோ என்று.

அடுத்த வசந்தத்தில் மொட்டுக்கு மேலே இருந்த பகுதியை வெட்டிவிட்டோம். ஒட்டியதில் சில எப்போதும் சாகும். என் கத்தியால் சாகும், கட்டு சரியில்லாமல் சாகும், சும்மாவும் சாகும். அவற்றைப் பிடுங்கிப் போடுவோம். அந்த ஒன்றைப் பிடுங்க நான் போவதற்குள் அடியிலிருந்து ஒரு தளிர் வந்திருந்தது. அதை அவள் மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். “பாருங்க, பிடிச்சிருச்சு” என்றாள்.

வீடு திரும்பிய பின் அவளாகப் பேசியது அதுதான் முதல்.

இலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. “ம், பிடிச்சிருச்சு” என்றேன்.

அதற்குப் பிறகு எப்போது சொல்வது? ஒவ்வொரு வருடமும் அதை அவளே கவாத்து செய்தாள். லாரி வந்த அன்று சத்தமில்லாமல் ஒதுக்கி வைக்கலாம் என்று இருந்தேன். முந்தின நாளே அவள் நூல் கட்டிவிட்டாள்.

இப்போது ஈஸ்டரிலிருந்து மறுபடி அதேபோல. இறங்கி வருகிற நாட்களில் கடிதம் மட்டும் படிக்கிறாள். அதனால்தான் சொல்கிறேன்.

இதைத் தபாலில் போட அடுத்த ஊர் கெஸ்டரன் வரை சைக்கிளில் போகிறேன்.

எவர்ட்


நோர்டர்சைல்,
4 அக்டோபர் 1976

அன்புள்ள அண்ணா,

நான் நலம். அண்ணி மேசையில் படித்தாலும் பாதகம் இல்லாதபடி எழுத வேண்டும் என்று பல வாரம் முயன்றேன். முடியவில்லை. அதனால் இதைக் கூட்டுறவுக் கடை முகவரிக்கு, உங்கள் பெயருக்கு அனுப்புகிறேன்.

நெஞ்சு நோய் என்று சொன்னபோது நான் பள்ளியில் அவருக்காகப் படம் வரைந்தேன். நுரையீரல் மாதிரி இரண்டு மரங்கள். அதை அவருக்கு அனுப்பினீர்களா? தெரியாது. கேட்கவும் வேண்டாம்.

வெனேமாவிடம் போனேன். இப்படித்தான் நடந்தது.

“வரிசையில ஒண்ணு வேற மாதிரி நின்னா ஜனங்க அத மட்டும்தான் பாப்பாங்க. எடுத்துரும்மா.”

“எடுக்கறேன். ஆனா அரவைக்கு அனுப்ப மாட்டேன். பண்ணைக்குக் கடிதமும் வேணாம். மாத்து மரம் தானா வரும்.”

“ஏன், அதுக்குப் பேர் கீர் வச்சிருக்கியா?”

நான் வரைபடத்தை அவர் முன் விரித்தேன்.

“அண்ணனக் காப்பாத்தறான்னு பேசுவாங்க.”

“பேசட்டும்.”

“உனக்கு இங்க வந்து ஒரு வருஷம்தான் ஆச்சு. தெரியும்ல?”

“தெரியும்.”

அவர் வரைபடத்தின் ஓரம்வரை விரலை ஓட்டினார். பிறகு, “பாலத்துக்கு அந்தப் பக்கம் இந்தப் படம் முடிஞ்சிருது. படத்துல இல்லாத மரம் என் கண்ணுல படாது” என்றார். அடுத்த தெருவுக்கான வரைபடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

இலை உதிரட்டும். வேர் உறங்கட்டும். பிறகு மாற்றுகிறேன்.

அலைடா


ஓப்ஹூஸ்டன்,
4 நவம்பர் 1976

தங்கை,

ஒரு நல்ல எல்ஸ்ரைக்கை வடக்கே போகும் வண்டியில் ஏற்றியிருக்கிறேன்.

நேற்று அறுவடை நன்றி நாள். தனியாகத்தான் தேவாலயம் போனேன். எதற்கு நன்றி சொல்வது என்று பிரசங்கி நிறைய சொன்னார். திரும்பி வந்தபோது அவள் ஜன்னலருகே நின்றிருந்தாள். மரங்கள் இருந்த இடம் இப்போது வெறும் மண். அதைப் பார்த்துக்கொண்டு, “அலைடா தெருவுல அது இருக்குல்ல?” என்றாள். இருக்கிறது என்றேன். “நல்லா இருக்கா?” என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

பொய் சொல்வது எனக்குக் களைப்பாக இருக்கிறது. அது எங்கே நிற்கிறது என்று எழுது. அடுத்த முறை கேட்டால் அதையாவது உண்மையாகச் சொல்வேன்.

எவர்ட்


நோர்டர்சைல்,
10 டிசம்பர் 1976

அன்புள்ள அண்ணா,

நான் நலம். அண்ணி எப்படி இருந்தாலும் என் அன்பைச் சொல்லுங்கள்.

நேற்று மாற்றினோம். ஹார்மும் நானும் மட்டும். வேர் நன்றாகப் பிடித்திருந்தது. ஒரு வருடத்தில் இவ்வளவா என்று ஹார்ம் வாயைப் பிளந்தான். வேரை அறுத்தபோது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாலத்தைத் தாண்டி, கால்வாய் கடலை நோக்கித் திரும்பும் இடத்தில் ஒரு முக்கோணப் புல்வெளி. யாருக்கும் சொந்தமில்லாத மண்.

“இங்க சும்மாவா காத்தடிக்கும்? எவன்மா நிப்பான் இந்த எடத்துல?” என்றான் ஹார்ம்.

“இது நிக்கும்.”

“நீ சொல்றியா, மரம் சொல்லுதா?”

“ரெண்டு பேரும்.”

“அப்ப முட்டு மூணு வைக்கிறேன். ஒண்ணு மரத்துக்கு, ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு” என்றான்.

சிவப்பு நூல் வெளுத்திருந்தது. அவிழ்க்கவில்லை, தளர்த்தி மட்டும் கட்டினேன். பக்கத்தில் எதுவும் இல்லாததால் அது விரும்பிய பக்கமெல்லாம் கையை நீட்டலாம். அண்ணி கேட்டால் சொல்லுங்கள்: பாலத்துக்கு அந்தப் பக்கம், தனியாக.

என் ஜன்னலுக்கு எதிரே இப்போது சரியான மரம் நிற்கிறது. மற்றவற்றைப் போலவே.

அலைடா


ஓப்ஹூஸ்டன்,
24 மே 1977

அன்புள்ள அலைடா,

இதை யாரும் சொல்லி நான் எழுதவில்லை.

போன புதன்கிழமை தீல் ஊரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உன் ஊருக்கு வந்தேன். பாலத்தருகே பேருந்திலிருந்து இறங்கினேன். வரிசையைப் பார்த்தேன், அழகாக இருந்தது. பிறகு, உன் அண்ணன் சொன்ன இடத்தைத் தேடிப் பாலத்தைக் கடந்தேன். உன் அலுவலகத்தில் விளக்கு எரிந்தது. மாடியேறி வரத் தெம்பில்லை. வருத்தப்படாதே.

உன் அண்ணன் உனக்கு எழுதியிருப்பார் என்று தெரியும். இங்கே தபால்பெட்டி இருக்கும்போது கெஸ்டரனுக்குச் சைக்கிளில் போகிற ஆள் அல்ல அவர்.

தளிர் வளர்ந்த இரண்டாவது கோடையில் அதன் இலை வெளுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்ஸ்ரைக் அப்படி வெளுக்காது என்று அவர் வாங்க வருகிறவர்களிடம் சொல்வதை எத்தனை முறை கேட்டிருப்பேன். சரி, நாளை வெட்டிவிடுவார் என்று நினைத்தேன். காலையில் எழுந்து போய்ப் பார்த்தேன். இருந்தது. மறுநாளும் போனேன். இருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அதே வரிசையில் இறங்குவார், அதைச் சுற்றிக்கொண்டு போவார். இன்று வெட்டியிருப்பாரோ என்று பார்க்கத்தான் அத்தனை வருடமும் காலையில் எழுந்தேன். இதை அவரிடம் நான் சொன்னதில்லை.

லாரி வருகிறது என்றதும், இவர் இன்னும் எவ்வளவு காலம் அதைச் சுற்றி நடப்பார் என்று தோன்றியது. நூலைக் கட்டி அனுப்பிவிட்டேன். அது போன பிறகு காலையில் பார்க்க ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. மருத்துவர் வேறு பெயர் சொல்கிறார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், அது நிற்கும் இடத்தில், காற்று பலமாக அடித்தது. ஒரு பக்கக் கிளை ஒடிந்திருந்தது, மற்ற பக்கம் இலை விட்டிருந்தது. வழக்கம்போலத் தாமதமாக. நீயும் வெட்டவில்லை.

நேற்று அவரிடம், இந்த ஆகஸ்டில் கட்ட ஆள் தேட வேண்டாம் என்றேன். “நார் போன வருஷத்தது இருக்கு” என்றார். புதிதாக வாங்கச் சொன்னேன். வாங்கி வந்திருக்கிறார்.

நாங்கள் இருவரும் நலம். இந்த வரியை வழக்கமாக முதலில் எழுதுவேன். எழுதலாமா என்று கடைசிவரை யோசித்தேன்.

யன்னெக்கே